ஐந்து மதிப்பெண் விடை

அன்புள்ள ஐயா,

கூடலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மா கொழுந்து பறிக்கிறார். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, முதல் குரூப். டாக்டராக வேண்டும் என்பது முதலில் என் ஆசையாக இருந்தது. பிறகு அம்மாவுடையதாகி, இப்போது லயத்து வீடுகளில் எல்லோருடைய ஆசையும் ஆகிவிட்டது. காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 24 வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நீட் பயிற்சித் தேர்வில் 720-க்கு 212. என் தோழி 388. ராங்க் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அதைத் திறக்கும்போதே கை நடுங்குகிறது. பன்னிரண்டு மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுகிறேன். சில இரவுகளில் விடியாமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.

கணக்கை விட்டுவிட்டு ப்யூர் சயின்ஸுக்கு மாறலாமா? தாவரவியலும் விலங்கியலும் வெறும் மனப்பாடம்தான், உருப்போட்டால் நீட்டில் அவற்றுக்கு உள்ள 360-ஐ அள்ளிவிடலாம், மிச்ச நேரத்தை இயற்பியலுக்குக் கொடுக்கலாம் என்கிறார் அண்ணன். ஒரு வருடம் ரிப்பீட்டராக உட்காரலாமா? பதற்றம் குறைய என்ன புத்தகம் படிக்கலாம்?

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள மகளே,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த விடியல் வாக்கியம். அதை நீ கடிதத்தின் நடுவில், இரண்டு மதிப்பெண்களுக்கு அடுத்த வரியாக எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாய். என்னால் நகர முடியவில்லை. இன்று மாலை அம்மா வேலையிலிருந்து வந்து கூடையை இறக்கி வைத்ததும், பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை அப்படியே சொல். அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை என்றால் 14416 என்ற எண்ணை அழை. டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள். இதைச் செய்த பிறகு மீதியைப் படி. நான் காத்திருக்கிறேன்.

இனி உன் கேள்விகள். நீட்டுக்குக் கணக்கு தேவையில்லை. பிடிக்கவில்லை என்றால் விடு, பிடித்தால் வைத்துக்கொள், இந்த நேரத்தில் மாற முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் நேரில் கேள். ரிப்பீட்டராவதைப் பற்றிப் பதினொன்றாம் வகுப்பின் காலாண்டில் கவலைப்படுவது, நாற்றங்காலில் இருக்கும் செடிக்குக் கவாத்து நாள் குறிப்பது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிப்பவள் என்றால் உனக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. ஊட்டியிலேயே 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவற்றை உன் அண்ணனும் அறிந்திருப்பார். பதற்றத்துக்குப் புத்தகம் கிடையாது, தூக்கம்தான் உண்டு. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதே தூக்கத்தில்தான். நான்கு மணி நேரம் தூங்கிப் படிக்கிறவள் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுக்கிறாள். ஏழு மணி நேரம் தூங்கு. அந்த வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறு. உன் விடைத்தாளைக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேள், அதில் இருப்பவை உன் தவறுகள், அவை உனக்குப் பயன்படும். தோழியின் 388 உனக்கு எதற்கு? கடிதத்தில் அவளைப் பற்றி நீ எழுதியிருப்பது ஒரே ஓர் எண். அவளுக்கு என்ன பிடிக்கும், உன்னோடு எந்த பஸ்ஸில் வருகிறாள், ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியல் உன் தோழியையே உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டுவிட்டது.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் 'வெறும் மனப்பாடம்தான்' என்ற இரண்டு சொற்களை எழுதிவிட்டாய். அவற்றை உன் அண்ணன் சொன்னதாகச் சொல்கிறாய், நீயும் மறுக்கவில்லை. அந்த இரண்டு சொற்களோடு எனக்கு முப்பது ஆண்டுக் கணக்கு இருக்கிறது.

நானும் உன் பக்கத்துப் பிள்ளைதான். என் அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வருவான். அவன் பெயரை எழுத மாட்டேன், அவன் தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவான். ஆனால் ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் அவன் வருவது நின்றுபோகும். ஒரு வாரம், பத்து நாள். திரும்பி வரும்போது காலை இழுத்து இழுத்து நடப்பான். கேட்டால் முட்டி வலி என்பான், எலும்புக்குள் வலி என்பான். பதின்மூன்று வயதுப் பையனுக்கு முட்டி வலியா என்று வகுப்பே சிரிக்கும். பொய் சொல்கிறான், சோம்பேறி என்று சொல்லி ஆசிரியர் அவனை வராந்தாவில், சாரல் அடிக்கும் இடத்தில் முழங்காலிட வைத்தார். மறுநாளிலிருந்து மீண்டும் பத்து நாள் வரவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

நான் தொடர்ந்து படித்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் விலங்கியலில் ஐந்து மதிப்பெண் வினா: கதிர் அரிவாள் இரத்தசோகை பற்றி எழுதுக. எனக்கு அந்தப் பக்கம் எத்தனையாவது வரியில் முடிகிறது என்பதுகூடத் தெரியும். இரண்டு சிவப்பணுக்களை வரைந்தேன், ஒன்று வட்டம், ஒன்று கவாத்துக் கத்தி போல வளைந்தது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலைன் என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன். அறிகுறிகளையும் எழுதினேன்: மூட்டுகளிலும் எலும்புகளிலும் கடும் வலி, கண் மஞ்சளாதல், இளைப்பு. ஐந்துக்கு ஐந்தும் கிடைத்திருக்கும் என்று இன்றும் சொல்வேன்.

அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கண் இரண்டும் மஞ்சள். பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டான். நன்றாக எழுதினேன் என்றேன். மஞ்சள் காமாலை போலிருக்கிறது, கீழாநெல்லி அரைத்துக் குடி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நோயின் பெயரும் காரணமும் அறிகுறிகளும் இரண்டு மணி நேரம் முன்புதான் என் கையிலிருந்து தாளில் இறங்கியிருந்தன. நோயுள்ளவன் என் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

மூன்றாண்டு கழித்து ஒரு மழைக்காலத்தில் அவன் இறந்துபோனான் என்று அம்மா கடிதம் எழுதினார். காய்ச்சல் என்றார்கள். அதற்கும் பல ஆண்டுகள் கழித்து ஊருக்கு வந்தபோது, ஒரு இரத்தப் பரிசோதனை முகாமின் சுவரொட்டியைப் பார்த்தேன். வளைந்த சிவப்பணுவின் படம். கீழே, குளிரிலும் மழையிலும் கை கால் வலி வருகிறதா, கண் மஞ்சளாகிறதா என்று கேள்விகள். கேள்விகள் அத்தனைக்கும் பதில் அவன்தான். அந்தச் சுவரின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

இப்போது சொல், உயிரியல் வெறும் மனப்பாடமா? நான் மனப்பாடம் செய்தேன். அதன் பலன் ஐந்து மதிப்பெண்ணும் ஒரு கீழாநெல்லியும். அப்போது நோயின் பெயரை நான் சொல்லியிருந்தாலும் அவன் பிழைத்திருப்பான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை என்று ஒருவராவது அவனிடம் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக்கூடிய நிலையில் அந்த பஸ் ஸ்டாண்டில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

கோபத்தில் கேட்கிறேன் என்று நினைக்காதே, ஆனால் கோபம்தான். நீ எந்தப் பாடத்தை விடலாம், எதை உருப்போடலாம் என்று கேட்கிறாய். அவன் முழங்காலில் எந்தப் பாடம் இல்லை? 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஒன்று மாறுகிறது. மரபணுவில் பார்த்தால் ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகிறது, ஒரே எழுத்து. குளுட்டாமிக் அமிலம் தண்ணீரோடு சேரும், வாலைன் தண்ணீரை விட்டு விலகும். அதனால் ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. அது வேதியியல். ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணு, தன்னைவிடக் குறுகிய தந்துகி என்னும் நுண்குழாய்க்குள் வளைந்து நெளிந்து போக வேண்டும். இழைகள் விறைத்த அணு நெளியாது, அடைத்துக்கொள்ளும். குளிரில் இரத்தக் குழாய் சுருங்கினால் இன்னும் மோசம். ஜூன் மழையும் வராந்தாச் சாரலும் அவனை ஏன் படுக்க வைத்தன என்று இப்போது தெரிகிறதா? அது நீ 24 வாங்கிய இயற்பியல். 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு பத்து இருபது நாளில் உடைகிறது, உடைந்ததன் மஞ்சள் கண்ணில் தெரிகிறது. அப்பா, அம்மா இருவரும் நோயில்லாமல் அந்த மரபணுவை மட்டும் தாங்கியவர்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இது நீ விடலாமா என்று கேட்ட கணக்கு.

இந்தப் பக்கத்தை நீயும் அடுத்த வருடம் படிக்கப் போகிறாய். அமெரிக்காவிலோ ஆப்பிரிக்காவிலோ நடக்கும் ஏதோ ஒன்று என்பதுபோல் படிப்பாய், நான் அப்படித்தான் படித்தேன். 1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தியாவில் இந்த மரபணு இருப்பதை எழுதினார்கள். அவர்கள் யாருடைய இரத்தத்தைப் பார்த்து எழுதினார்கள் தெரியுமா? நீலகிரியின் பழங்குடி மக்களுடைய இரத்தத்தை. என் பாடப்புத்தகத்தில் அந்த வரி இல்லை. இருந்திருந்தால், நீலகிரி என்ற சொல்லைப் பார்த்தாவது நான் தலை தூக்கியிருப்பேன்.

ஏன் இங்கே என்று கேட்டால் அதற்கும் நம் மலையடிவாரத்தில்தான் பதில். அந்த மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் தாங்கியவர்களைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை. காய்ச்சல் பிடித்த காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் அது தங்கிவிட்டது. அந்தக் காட்டுக் காய்ச்சல் எப்படிப்பட்டது என்று மலேரியாவை ஆராய்ந்த மருத்துவர் ரொனால்ட் ராஸ் சொல்லுவார். 1897-இல் விடுப்பில் ஊட்டிக்கு வந்தவர், மலேரியாவைத் தேடி சீகூர் மலைச்சரிவுக்கு இறங்கினார். காய்ச்சல் அவரையே பிடித்துக்கொண்டது. அந்த ஆகஸ்டில்தான் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஊட்டியிலிருந்து மசினகுடி பஸ்ஸில் போகும்போது நீ தூங்கிக்கொண்டே கடக்கும் இடம் அந்தச் சீகூர். இனிமேல் விழித்திரு.

இயற்பியலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டேன் என்று நினைப்பாய். சூத்திரத்தை எழுதும் முன் படம் வரை, எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுது. நீட்டில் தெரியாத கேள்வியில் கை வைத்தால் ஒரு மதிப்பெண் போகும், சரியானால் நான்கு வரும், ஆகையால் ஊகத்தில் குறிக்காதே. இவை போதும், மற்றதை உன் ஆசிரியர் சொல்லித் தருவார்.

இன்னொரு வேலை தருகிறேன். இதற்கு ராங்க் கிடையாது. கதிர் அரிவாள் இரத்தசோகையை ஒழிக்க மத்திய அரசு 2023 ஜூலையில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் இரத்தப் பரிசோதனை நடக்கிறது. உன் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் செவிலியர் அக்காவிடம் ஒரு மதியம் போய், இந்தப் பரிசோதனையை எப்படிச் செய்வீர்கள் என்று கேள். ஒரு துளி இரத்தத்தை ஒரு கரைசலில் விட்டு, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. சாதாரண ஹீமோகுளோபின் கரைந்துவிடும், கோடுகள் தெளிவாகத் தெரியும். அந்த மாறிய ஹீமோகுளோபின் இருந்தால் கரையாமல் கலங்கி நிற்கும், கோடுகள் மறைந்துபோகும். அதை வைத்து நோயா, மரபணுவைத் தாங்குவது மட்டுமா என்று சொல்ல முடியாது, அதற்கு வேறு பரிசோதனை வேண்டும். அது என்ன என்பதையும் அவரிடமே கேள்.

பார்த்துவிட்டு எனக்கு எழுது. அம்மாவிடம் பேசினாயா என்பதை முதல் வரியில் எழுது. மதிப்பெண்ணை எழுத வேண்டாம்.

அன்புடன்.