கட்டைவிரல் உள்பக்கமா, வெளிப்பக்கமா?

கேள்வி: கீழே விழுந்த அம்மாவின் எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் 'டிஸ்டல் ரேடியஸ்' முறிவு என்று இருக்கிறது. ரேடியஸ் என்பது முன்கையின் 'லேட்டரல்', அதாவது வெளிப்பக்க எலும்பு, கட்டைவிரல் பக்கம் இருப்பது என்று படித்தேன். மேசைமேல் கைகளை வைத்தால் கட்டைவிரல்கள் உள்பக்கம்தானே வருகின்றன?

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான். நான் இருபத்தெட்டு வருடமாக உடற்கூறியல் நடத்துகிறேன். முதல் வாரமே மாணவர்கள் இதைக் கேட்டுவிடுவார்கள். கேட்காவிட்டால் நானே கேட்டுவிடுவேன், அவ்வளவு முக்கியம்.

கை எப்படி வேண்டுமானாலும் திரும்பும். அதனால் பெயர் சொல்வதற்கென்று ஒரு நிலையை முடிவு செய்து வைத்திருக்கிறோம். நிமிர்ந்து நின்று, முகமும் பாதமும் முன்னே பார்க்க, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்பக்கம் திருப்புங்கள். இப்போது கட்டைவிரல் உடம்பை விட்டு விலகியிருக்கிறதா? உடம்பின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருப்பது லேட்டரல், கிட்டே இருப்பது மீடியல். அம்மா குப்புறப் படுத்திருந்தாலும் அவருடைய கட்டைவிரல் லேட்டரல்தான்.

உள்ளங்கை ஏன் முன்னால் இருக்க வேண்டும்? ஒரு கையின் முழங்கை முனையை மறு கையால் பிடித்துக்கொண்டு உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பிப் பாருங்கள். முனை அசையாது, அது முன்கையின் இன்னொரு எலும்பான அல்னா. ரேடியஸ்தான் கட்டைவிரலையும் இழுத்துக்கொண்டு அல்னாவின் குறுக்கே புரளும். உள்ளங்கை முன்னால் இருக்கும்போதுதான் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. எலும்புக்கூட்டில் காட்டுவதைவிட அவரவர் கையில் தொட்டுப் பார்க்கும்போது சட்டென்று புரிந்துவிடும்.

அப்புறம் டிஸ்டல். கையைத் தூக்கினால் மணிக்கட்டு முழங்கைக்கு மேலே போய்விடும், 'கீழ்முனை' என்ற சொல் குழப்பும். அதனால் கை உடம்போடு சேரும் தோளிலிருந்து தள்ளியிருக்கும் முனையை டிஸ்டல் என்கிறோம், கிட்டே இருப்பது பிராக்சிமல். அம்மாவுக்கு முறிந்திருப்பது ரேடியஸின் மணிக்கட்டுப் பக்க முனை. கையை ஊன்றி விழுபவர்களுக்கு அடிக்கடி முறியும் இடம் அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரிப்போர்ட்டில் வலது, இடது என்பதெல்லாம் நோயாளியின் வலது, இடதுதான், பார்ப்பவருடையது அல்ல. நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயம் நம் வலப்பக்கம் தள்ளித் தெரிவதும் இதனால்தான். அவர் நம்மைப் பார்த்து நிற்பதுபோல் படத்தை வைக்கிறோம். அம்மாவின் படத்தின் ஓரத்தில் பக்கத்தைக் காட்டும் எழுத்து இருக்கும். அடிபட்ட கையோடு அது ஒத்துப்போகிறதா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.