கேளுங்கள், சொல்கிறோம்: விவாதத்துக்கு விதிகள்

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்தில் விவாதம் சூடேறினால் ஆளைத் தாக்குவதில் முடிகிறது. ‘மரியாதையாகப் பேசவும்’ என்று விதி வைத்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: அந்த விதியை எடுத்துவிடுங்கள். மரியாதைக்கு ஆளுக்கொரு அளவுகோல் இருப்பதால், அதை மீறியதாக யாருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு உறுதிசெய்யக்கூடிய செயல்களையே விதியாக்குங்கள்: ஒருவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடக் கூடாது, ஒரு முறைக்கு 3 நிமிடம், எல்லோருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைத்த பிறகே இரண்டாம் முறை. ஐந்தாறு விதிகள் போதும். அதற்கு மேல் போனால் யாருக்கும் நினைவிருக்காது.

இவற்றில் முக்கியமானது, எதிராளியின் உள்நோக்கத்தைப் பேசக் கூடாது என்பது. ‘இந்த வாதத்துக்கு ஆதாரம் போதாது’ என்றால் பதில் சொல்லலாம். ‘நீங்கள் வேண்டுமென்றே திரிக்கிறீர்கள்’ என்றால் அவர் தன்னைத்தான் காத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பேசுபொருள் அங்கேயே செத்துவிடும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1876-இல் வெளியிட்ட கூட்ட நடைமுறை நூலும் இதைத்தான் வலியுறுத்துகிறது. உறுப்பினர்கள் நேருக்கு நேர் மோதாமல் கூட்டத் தலைவரை (உங்கள் வட்டத்தில், விவாதத்தை நடத்தும் நெறியாளரை) நோக்கியே பேச வேண்டும் என்ற அதன் முறையையும் கடைப்பிடியுங்கள். சூடு தணிய அது மிகவும் உதவும்.

மீறினால் என்ன என்பதையும் முன்பே எழுதிவையுங்கள்: முதலில் நினைவூட்டல், அடுத்து அன்றைய பேச்சுரிமை ரத்து. பெரும்பாலும் விதிகள் தோற்பது இங்கேதான். மூத்தவர் மீறும்போது நெறியாளர் தயங்கினால், மற்றவர்களும் அந்த நொடியே விதியைக் கைவிட்டுவிடுவார்கள். நெறியாளரே விவாதத்தில் கலந்துகொள்ள விரும்பினால், அந்தத் தலைப்பு முடியும்வரை பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்கட்டும்.