இடி விழுந்த பெட்டியும் தோட்டத்துப் படங்களும்

கேள்வி: வணக்கம் ஐயா. 2012-ல் வாங்கிய 2 டெராபைட் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. புத்தகம் போல நிற்குமே, தனி அடாப்டர் சொருகுகிற அந்தப் பெரிய வகை. போன மாதம் சாயங்கால இடியோடு அதன் விளக்கு அணைந்தது, அப்புறம் எரியவே இல்லை. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவராக, இருந்தபோது எடுத்த படங்கள் அத்தனையும் அதில்தான். தோட்டத்தில் இப்போது தாமான் (குடியிருப்பு) வீடுகள் வந்துவிட்டன. பெட்டியை உடைத்து டிஸ்க்கை மேசைக் கம்ப்யூட்டருக்குள் மாட்டிவிடலாம் என்கிறான் மகன். படங்கள் போய்விடாதே?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அம்மா, மகன் சொல்வது செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பெட்டியை இன்னும் உடைக்க வேண்டாம். முதலில் அடாப்டரைப் பாருங்கள்.

இந்தப் பெரிய வகைப் பெட்டிக்குள் இருப்பது மேசைக் கம்ப்யூட்டரில் போடுகிற அதே மூன்றரை அங்குல டிஸ்க். அது சுழல 12 வோல்ட் வேண்டும். யுஎஸ்பி கம்பி தருவது 5 வோல்ட். அதற்காகத்தான் தனி அடாப்டர். நானும் சுங்கை சிப்புட்டில்தான் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மத்தியான வெயில் இறங்கி வானம் கறுத்து இடித்தால், மறுநாள் காலையில் மோடமும் அடாப்டருமாக ஆட்கள் வந்து நிற்பார்கள். பாதிப் பேருக்குப் போனது அடாப்டர் மட்டும்தான், உள்ளே சாமான் நன்றாகவே இருக்கும்.

பழைய அடாப்டரைக் கையோடு எடுத்துப் போய் அதே போல ஒன்று வாங்குங்கள். வோல்ட் அச்சு அசலாக 12 இருக்க வேண்டும். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். லேபிளில் வட்டமும் புள்ளியுமாக ஒரு சின்னப் படம் இருக்கும், அதில் கூட்டல் குறி எந்தப் பக்கம் என்பதும் ஒத்துப்போக வேண்டும். முனை பொருந்துகிறதே என்று லேப்டாப் அடாப்டரைச் சொருகிவிடாதீர்கள், அது பெரும்பாலும் 19 வோல்ட். ஒரு தம்பி அப்படிச் செய்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் கருகல் வாடை. மின்சுற்றுப் பலகையின் ஓரத்தில் பயறு அளவு கறுப்பு டயோடு ஒன்று வெடித்து வாய் பிளந்திருந்தது. தான் கருகி டிஸ்க்கைக் காப்பதற்காகவே வைத்த சாமான் அது. அன்றைக்குக் காப்பாற்றியது. எல்லா நாளும் காப்பாற்றாது.

புது அடாப்டரில் விளக்கு எரிந்தால், வேறு எதையும் தொடாமல் படங்களை வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அப்புறம் மகன் ஆசைப்படி உடைக்கலாம்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், பெட்டிக்குள் டிஸ்க்கோடு ஒரு சின்னப் பலகையும் இருக்கிறது. டிஸ்க்கின் சொந்த இணைப்பான சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றித் தருவது அதுதான். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மைபுக் வகையில் பல மாடல்களில், நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும், எழுதும் எல்லாவற்றையும் அந்தப் பலகை பூட்டி எழுதும். பலகையைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டினால் விண்டோஸுக்கு ஒன்றும் புரியாது. 'இனிஷியலைஸ்' செய்யட்டுமா என்று கேட்கும். அந்த இடத்தில் கேன்சல் கொடுங்கள். படங்கள் அழிந்திருக்காது. பலகை நல்ல நிலையில் இருந்தால் திரும்ப மாட்டியதும் தெரியும். அதனால் பலகையைத் தூக்கிப் போடாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த டிஸ்க்கினுடையது என்று எழுதி வையுங்கள்.

உடைப்பது என்றேனே, உண்மையில் உடைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பெட்டிகளில் வெளியே திருகாணியே இருக்காது, பிளாஸ்டிக் கொக்கிகள்தான். பழைய டச் அண்ட் கோ டோல் அட்டை ஒன்றை விளிம்பு இடுக்கில் நுழைத்து மெதுவாக நகர்த்தினால் 'டக் டக்' என்று ஒவ்வொன்றாக விடும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் முனை வழுக்கிப் பலகையைக் கீறிவிடும். உள்ளே ரப்பர் வளையங்களோடு டிஸ்க் உட்கார்ந்திருக்கும். பின்பக்கம் எல் வடிவத்தில் இரண்டு வாய்கள்: சின்னது தகவலுக்கு, நீளமானது மின்சாரத்துக்கு. கம்ப்யூட்டரில் அதற்கான கம்பிகள் இரண்டையும் மாட்டி, நான்கு திருகாணி போட்டால் வேலை முடிந்தது.

கையடக்கமான சின்ன வகை வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் இதைப் பார்த்து உடைத்துவிட வேண்டாம். அவற்றில் பலவற்றில் யுஎஸ்பி வாய் டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைத்திருக்கும், சாட்டா வாயே இருக்காது.

உள்ளே மாட்டியதும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 05, சி5 என்ற இரண்டு வரிகளில் பூஜ்யம் தவிர வேறு எண் ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம். பூஜ்யமாகவே இருந்தாலும் 2012-ல் வாங்கிய டிஸ்க்கில் விண்டோஸ் போடாதீர்கள், இரண்டாவது நகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயா எடுத்த படங்களில் காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும் கோயில் திருவிழாவும் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்றைக்கு அந்த இடத்தில் போய் நின்றாலும் யாரும் அவற்றை மறுபடி எடுக்க முடியாது. அதனால் ஒரு நகலாவது உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், வேறு ஊரில் சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்து வையுங்கள். வானம் கறுத்ததும், இடி தொடங்கும் முன்பே சுவர் பிளக்கையே பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மோடத்துக்கு வருகிற கம்பியையும் கழற்றுங்கள், அது வழியாகவும் வரும்.