தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு எங்கே?

கேள்வி: 1920களில் பிறந்த தாத்தாவின் பதிவு எங்கள் ஊர்க் கோயிலில் இல்லை என்கிறார்கள். வேறெங்கே தேடலாம்?

பதில்: உங்கள் ஊர் அப்போது தனிப் பங்காக (ஒரு பங்குக்குருவின் பொறுப்பிலுள்ள கோயில் வட்டாரம்) இல்லாமல் வேறொரு பங்கின் கிளைப்பங்காக இருந்திருந்தால், பதிவு அந்தத் தாய்ப்பங்கின் ஏட்டில்தான் ஏறியிருக்கும். பங்கு பிரிந்த பிறகும் பழைய ஏடு பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். தாத்தா தலைப்பிள்ளையா? அவருடைய அம்மாவின் பிறந்த ஊரிலும் கேளுங்கள், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே!

வீட்டில் அழைத்த பெயரை மட்டும் நம்பாதீர்கள். லத்தீனில் எழுதிய ஏடுகளில் ராயப்பன் 'பெத்ருஸ்', சின்னப்பன் 'பவுலுஸ்', அருளப்பன் 'யோவான்னெஸ்' என்று இருக்கலாம். பெற்றோர், ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்றவர்கள்) பெயர்களை எழுதிக்கொண்டு போனால் ஆளை உறுதிசெய்யலாம்.

அதிலும் அகப்படாவிட்டால் தாத்தாவின் திருமணப் பதிவைப் பாருங்கள். 1908 முதல், மணமானவரின் ஞானஸ்நானப் பதிவில் திருமணத்தைக் குறிக்க வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபை விதி. அதற்காக ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், அந்தப் பங்கின் பெயர் பெரும்பாலும் திருமண ஏட்டில் இருக்கும்.