வீட்டு ஸ்டூடியோவில் மாஸ்டரிங்: ஹார்டுவேர் வாங்கலாமா, பிளகினே போதுமா?

கேள்வி: வீட்டில் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலமுள்ள ஓர் அறையை ஸ்டூடியோவாக வைத்திருக்கிறேன். இரண்டு இன்புட், இரண்டு அவுட்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒரு ஹெட்போன் இருக்கின்றன. என் பாடல்களையும் நண்பர்களின் பாடல்களையும் பிளகின்களை (இசை மென்பொருளுக்குள் சேர்க்கும் ஒலிக் கருவிகளை) வைத்து நானே மாஸ்டரிங், அதாவது மிக்ஸ் முடிந்த பாட்டுக்குக் கடைசி மெருகு, செய்கிறேன். ஸ்டீரியோ கம்ப்ரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்குவது) ஒன்றும் ஈக்வலைசர் (அதிர்வெண்களை ஏற்றி இறக்குவது) ஒன்றும் ஹார்டுவேராக வாங்கினால்தான் பாட்டுக்கு 'அனலாக் வார்ம்த்' வரும் என்கிறார்கள். கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மாஸ்டரிங் முழுவதையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்யுங்கள். சேர்த்த பணத்தில் பெரும்பகுதியை அறைக்குச் செலவிடுங்கள், மிச்சம் இருந்தால் ஸ்பீக்கருக்கு. நல்ல அனலாக் கருவிகள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் உங்கள் மாஸ்டரில் ஏதோ குறைகிறது என்று தோன்றினால், அதற்குக் காரணம் பிளகினாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

மாஸ்டரிங்கில் நாம் செய்யும் மாற்றங்கள் சின்னவை. ஓரிடத்தில் அரை டெசிபல் ஏற்றுவோம், வேறோரிடத்தில் ஒரு டெசிபல் இறக்குவோம். கம்ப்ரசர் ஒன்றிரண்டு டெசிபல் அடக்கினாலே தாராளம். அந்த அரை டெசிபல் உங்கள் காதுக்குத் தெரிந்தாக வேண்டும். சுவர்களுக்கு எதுவும் செய்யாத சின்ன அறையில், தாழ்ந்த அதிர்வெண்களில் 10, 15 டெசிபல் மேடு பள்ளம் இருப்பது சாதாரணம். அதற்குள் உட்கார்ந்துகொண்டு அரை டெசிபலை முடிவு செய்வது, நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டு துணிக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பது போலத்தான்.

உங்கள் அறையையே எடுத்துக்கொள்வோம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால், அதாவது 8 ஆல் வகுத்தால் சுமார் 43 ஹெர்ட்ஸ் வரும். அகலத்துக்கு இதே கணக்குப் போட்டால் 57 ஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண்களில் ஒலி சுவருக்குச் சுவர் முட்டி மோதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியான 'இ' 41 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த 'ஏ' 55 ஹெர்ட்ஸ். ஆக, பாட்டின் அடித்தளம் இருக்கும் இடத்திலேயே உங்கள் அறை குழப்பம் செய்கிறது. நீளவாட்டில் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த 43 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய காணாமல் போகும், பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பொங்கி வழியும். நடுவில் இருப்பவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றிவிடுவார். அந்தப் பாட்டைக் காரில் போட்டால் கதவு அதிரும். எவ்வளவு விலையுயர்ந்த ஈக்வலைசராக இருந்தாலும், அதைத் திருப்புகிற கை இதே காதை நம்பித்தான் திருப்பும்.

சரி, என்ன செய்வது? முதலில் காசில்லாத வேலை. மேசையை நகர்த்துங்கள். அறையின் நீளவாட்டில் முன்சுவரைப் பார்த்து, இடமும் வலமும் சமதூரம் இருக்கும்படி உட்காருங்கள். முன்சுவரிலிருந்து நீளத்தில் சுமார் 38 சதவீத தூரம், உங்கள் அறையில் ஒன்றரை மீட்டர், தொடங்குவதற்கு நல்ல இடம். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். அப்புறம் ஒலியை உறிஞ்சும் கனிமக் கம்பளிப் பலகைகள். குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் வேண்டும், மூலைகளில் இன்னும் தடிமனாக. பக்கச் சுவரில் எங்கே மாட்டுவது என்று தெரிய, ஒருவரைக் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தச் சொல்லுங்கள். உங்கள் இருக்கையிலிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் ஒரு பலகை. மேற்கூரைக்கும் இதே முறைதான்.

மெல்லிய ஃபோம் ஓடுகளைச் சுவர் முழுக்க ஒட்டிவிடாதீர்கள். அவை மேல் அதிர்வெண்களை மட்டும் விழுங்கிவிட்டு பேஸை அப்படியே விட்டுவிடும். அறை முன்பைவிட மந்தமாகக் கேட்கும், நீங்கள் டிரெபிளை அளவுக்கு மீறி ஏற்றுவீர்கள். ஸ்பீக்கரின் ஒலியைத் திருத்தும் மென்பொருள்களும் இருக்கின்றன. அவை மேடுகளைக் குறைக்கும். அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு உண்டான பள்ளத்தை அவற்றால் நிரப்ப முடியாது. எனவே பலகைகள் முதலில், மென்பொருள் பிறகு. அளந்து பார்க்க 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவீட்டு மைக்கும் போதும். 5 அங்குல ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போதே தளர்ந்துவிடும் என்பதால், கீழ்ப்பகுதியைச் சரிபார்க்க நல்ல ஓப்பன் பேக் (காதுக்கிண்ணத்தின் வெளிப்புறம் திறந்த) ஹெட்போனும் வேண்டும்.

இப்போது அந்த வார்ம்த் விஷயத்துக்கு வருவோம். அது கற்பனை இல்லை. டிரான்ஸ்ஃபார்மரும் வால்வும் தமக்குள் வரும் ஒலிக்குக் கொஞ்சம் ஹார்மானிக்ஸ் (அந்த ஒலியின் அதிர்வெண்ணைப்போல் 2, 3 மடங்கில் எழும் துணை ஒலிகள்) சேர்க்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர் இதைத் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் அதிகம் செய்யும். அதனால் சின்ன ஸ்பீக்கரிலும் பேஸ் சற்று உடம்போடு கேட்கிறது.

டிஜிட்டல் முறையில் இதே வேலையைச் செய்யும்போது ஒரு சிக்கல் உண்டு. 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) அதில் பாதியான 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் வைக்க முடியாது. 15 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு, ஹார்மானிக்ஸ் சேர்க்கும் சாச்சுரேஷன் பிளகின் இரண்டாம் ஹார்மானிக்கைச் சேர்த்தால் அது 30 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். இடமில்லாததால் அது மடங்கி 14.1 கிலோஹெர்ட்ஸில் வந்து விழும். அந்த அதிர்வெண்ணுக்கும் இசைக்கும் எந்த உறவும் இல்லை. இதைத்தான் ஏலியாசிங் என்கிறோம். பழைய பிளகின்களைக் கேட்டு "டிஜிட்டல் கரகரப்பு" என்று சொன்னவர்களுக்கு அப்படித் தோன்ற நியாயமான காரணம் இருந்தது. இன்றைய தரமான பிளகின்களில் ஓவர்சாம்பிளிங் இருக்கிறது. உள்ளே சாம்பிள் ரேட்டை 4 அல்லது 8 மடங்கு உயர்த்தி வேலையை முடித்துவிட்டு, மேலே மிஞ்சியதை வடிகட்டிவிட்டு இறக்கும். உங்கள் சாச்சுரேஷன், கம்ப்ரசர், லிமிட்டர் (சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பது) பிளகின்களில் அந்தப் பொத்தான் அணைந்து கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஹார்டுவேர் தேடப் போனவர்கள் பலருக்கு உண்மையில் வேண்டியிருந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஹார்டுவேரை வாங்கினால் அது தனியாக வராது. உங்கள் இன்டர்ஃபேஸில் இரண்டே அவுட்புட், இரண்டும் ஸ்பீக்கருக்குப் போய்விட்டன. பாட்டை வெளியே அனுப்பித் திரும்ப வாங்க இன்னும் இரண்டு லைன் அவுட்புட் வேண்டும். மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலை உயர்த்தும் பகுதி) குறுக்கே வராத இரண்டு லைன் இன்புட்டும் வேண்டும். ஆக முதல் செலவே புது இன்டர்ஃபேஸ். மாஸ்டரிங் என்பதால் அதன் கன்வர்ட்டர் நன்றாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் பாட்டு முழுவதும் அதன் வழியே ஒருமுறை அனலாகாக மாறி, மறுபடி டிஜிட்டலாகிறது. அப்புறம் இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு கேபிள்கள், லெவல் பொருத்தம் என்று வேலை நீளும்.

இடம் வலம் பொருத்தம் இன்னொரு தொல்லை. சாதாரண திருகு குமிழ்களில் இரண்டு சேனலையும் ஒரே குறியில் வைத்தாலும் ஒரு டெசிபல் வரை வித்தியாசம் வரலாம். பாடகரின் குரல் நடுவிலிருந்து நகர்ந்துவிடும். மாஸ்டரிங்குக்கென்று செய்யும் கருவிகளில் படிப்படியாகத் திரும்பும் சுவிட்சுகள் வைப்பது இதனால்தான். அவற்றின் விலையும் அதனால்தான் ஏறுகிறது.

நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4 நிமிடப் பாட்டு கருவி வழியே போய்வர 4 நிமிடம் ஆகும், ஒவ்வொரு முறையும். மூன்று மாதம் கழித்து நண்பர் "குரலைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன், புது மிக்ஸ் அனுப்புகிறேன்" என்பார். பிளகின் என்றால் பழைய ஃபைலைத் திறந்து மிக்ஸை மாற்றிப் போட்டால் முடிந்தது. ஹார்டுவேர் என்றால் குமிழ் எல்லாம் எங்கே இருந்தது என்று எடுத்த போட்டோவைத் தேட வேண்டும். அப்படி வைத்தாலும் அச்சு அசலாக வருமா என்பது சந்தேகம்.

இதற்கு நேர்மாறாக, மென்பொருளால் மட்டும் ஆகிற வேலைகளும் உண்டு. லிமிட்டர் ஒலியின் உச்சம் வருவதற்கு முன்பே அதைப் பார்த்துத் தயாராவது சாதாரண அனலாக் கருவியால் முடியாத காரியம். 1994 இல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 வந்ததிலிருந்து அந்த வேலை டிஜிட்டலின் கைக்குப் போய்விட்டது. பெரிய மாஸ்டரிங் அறைகளில் விலைமதிப்பற்ற கருவிகள் வழியே பாட்டு போனாலும், கடைசியில் நிற்பது பெரும்பாலும் ஒரு டிஜிட்டல் லிமிட்டர்தான்.

பிளகினுக்குச் செலவு செய்வதானால் அந்த லிமிட்டருக்குச் செய்யுங்கள். சுத்தமான டிஜிட்டல் ஈக்வலைசர்கள் ஒரே வளைவில் வைத்தால் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும், உங்கள் மென்பொருளோடு வந்ததே போதும். டைனமிக் ஈக்வலைசருக்கு (ஒலியின் அளவுக்கேற்பத் தானே ஏறி இறங்கும் ஈக்வலைசர்) டிடிஆர் நோவா, சத்தத்தின் அளவு பார்க்க யூலீன் லவுட்னெஸ் மீட்டர், இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. சத்தத்துக்காக ஹார்டுவேர் தேடுவதில் பயனில்லை. ஸ்பாட்டிஃபை இயல்பாகவே பாடல்களை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ட்ரூ பீக்கை (ஒலி அலையின் உண்மையான உச்சத்தை) மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தினால், சுருக்கிய ஃபைலாக மாறும்போதும் ஒலி உடையும் ஆபத்து குறையும்.

அறை சரியான பிறகும் ஹார்டுவேர் ஆசை விடவில்லை என்றால், சோதித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதலில் கருவியே இல்லாமல், அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு வெறும் கேபிளைப் போட்டு ஒரு பாட்டை அனுப்பித் திரும்பப் பதியுங்கள். அசலோடு சாம்பிள் பிசகாமல் பொருத்தி, லெவலைச் சமமாக்கி, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பி (அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும்), இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். மிஞ்சுகிற ஒலிதான் உங்கள் கன்வர்ட்டர் செய்யும் மாற்றம். அடுத்து, கருவியை இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ அதே பாட்டை அனுப்புங்கள். அந்தப் பதிவையும் உங்கள் பிளகின் மாஸ்டரையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள், 0.1 டெசிபல் துல்லியத்தில். அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதை 'தரம்' என்று எடுத்துக்கொள்ளும். கடையில் கருவியின் குமிழைச் சுழற்றியவுடன் மயங்குவது இதனால்தான். எது எது என்று தெரியாமல் மறுநாள் காலையில் கேளுங்கள். அப்போதும் ஒன்றையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தால், அது ஹார்டுவேராகவும் இருந்தால், தயங்காமல் வாங்குங்கள். திரையைப் பார்க்காமல் கையால் குமிழைத் திருப்பும்போது கேட்கும் கவனம் கூடுகிறது என்பவர்களும் உண்டு. அதுவும் மதிக்கத்தக்க காரணம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டு ஸ்டூடியோவுக்கு ஒரே ஒரு அனலாக் கருவி என்றால், நான் அதை மாஸ்டரிங்குக்கு வாங்கச் சொல்ல மாட்டேன், பதிவுக்குத்தான் சொல்வேன். குரல் பதியும்போது மைக்குக்குப் பின்னால் ஒரு நல்ல ப்ரீஆம்ப், அதையடுத்து ஒரு மோனோ கம்ப்ரசர். இடம் வலம் பொருத்தும் கவலை இல்லை. ஒருமுறை பதிந்துவிட்டால் மறுபடி அதே குறியில் வைக்கும் தேவையும் இல்லை. பாட்டு முழுவதும் கூடுதலாகக் கன்வர்ட்டரைக் கடக்க வேண்டியதும் இல்லை. நீங்கள் தேடுகிற அந்த நிறம், குரலில் முதலிலேயே ஏறிவிட்டால் மாஸ்டரிங்கில் அதைத் தேடும் வேலை குறையும். பதியும்போது அளவாக வையுங்கள், மூன்று டெசிபலுக்கு மேல் அடக்க வேண்டாம், பதிந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. உங்களிடம் இப்போது இருக்கிற இன்டர்ஃபேஸின் ஒரு லைன் இன்புட்டே இதற்குப் போதும்.