ஆங்கிலப் பொருளாதாரச் செய்தி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போட்டித் தேர்வுக்காக ஆங்கில நாளிதழ் படிக்கிறேன். 'இன்ஃப்ளேஷன் ஈசஸ்' என்று போடுகிறார்கள். கடையில் எதுவும் விலை குறையவில்லையே?

குறைந்திருக்காது. இன்ஃப்ளேஷன் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம். 2024 அக்டோபரில் இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 6.21 சதவீதம், நவம்பரில் 5.48. இதைத்தான் 'ஈசஸ்' என்பார்கள். ஆனால் முந்தைய ஆண்டு நவம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்கள் 2024 நவம்பரில் சுமார் 105 ரூபாய் 48 காசு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போன பஸ் 50-க்கு வந்தாலும் முன்னால்தானே போகிறது? 'பணவீக்கம் குறைந்தது' என்று தமிழில் படித்தாலும் பலருக்கு இதே குழப்பம் வருகிறது. வேகம் குறைவது டிஸ்இன்ஃப்ளேஷன். விலைகளே பொதுவாக இறங்கினால்தான் டிஃப்ளேஷன். 'குரோத் ஸ்லோஸ்' என்பதும் அப்படித்தான்: வளர்ச்சி நிற்கவில்லை, மெதுவாகியிருக்கிறது.

எந்தச் செய்தியானாலும் முதலில் பாருங்கள்: சொல்வது அளவையா, வேகத்தையா? பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

'ஹெட்லைன் இன்ஃப்ளேஷன்' என்றால் தலைப்புச் செய்தியில் வந்த பணவீக்கமா?

இல்லை. எல்லாப் பொருள்களையும் சேர்த்துக் கணக்கிட்டது ஹெட்லைன். உணவையும் எரிபொருளையும் கழித்துவிட்டுப் பார்த்தால் 'கோர்'. தக்காளி விலை எகிறும் மாதத்தில் இரண்டும் வெகுதூரம் விலகி நிற்கும்.

பேசிஸ் பாயிண்ட் எதற்கு? சதவீதம் என்றே சொல்லலாமே?

சொன்னால் குழப்பம் வரும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான வட்டியை) 6-லிருந்து 5.5 சதவீதமாகக் குறைத்தது. 'அரை சதவீதம் குறைந்தது' என்றால், 6-இல் அரை சதவீதமா, 6-லிருந்து அரைப் புள்ளியா? 50 பேசிஸ் பாயிண்ட் என்றால் சந்தேகமே இல்லை. 100 பேசிஸ் பாயிண்ட் ஒரு சதவீதப் புள்ளி.

ஹாக்கிஷ், டவிஷ்?

பருந்தும் புறாவும். விலைவாசியை அடக்க வட்டியை உயர்த்தவும் தயங்காதவர் பருந்து. வளர்ச்சிக்காக வட்டி குறையட்டும் என்பவர் புறா.

கடினமான சொற்களை அகராதியில் பார்த்துவிடுகிறேன். இருந்தும் புரிவதில்லை. ஏன்?

உங்களை ஏமாற்றுவது கடினமான சொற்கள் இல்லை, தெரிந்த சொற்கள்தான். 'ரேலி' இங்கே ஊர்வலம் அல்ல, பங்கு விலைகள் தொடர்ந்து ஏறுவது. 'கரெக்‌ஷன்' திருத்தம் அல்ல, சமீபத்திய உச்சத்திலிருந்து 10 சதவீதமோ அதற்கு மேலோ இறங்குவது. ரூபாய் 'அப்ரிஷியேட்' ஆனால் பாராட்டு இல்லை, மதிப்புக் கூடுகிறது. தெரிந்த சொல் என்று தாண்டிப் போகாமல் அங்கேயே ஒரு நிமிடம் நில்லுங்கள்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யட்டுமா?

வேண்டாம். ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கை அறிவிப்பு சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். அதை மட்டும் விடாமல் தொடருங்கள்: முதலில் தமிழ் நாளிதழில், அப்புறம் ஆங்கிலத்தில். ஏறக்குறைய அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும், மூன்றாவது முறை அகராதி அதிகம் தேவைப்படாது.

வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் டிரில்லியன் ரூபாய் என்று எழுதுகின்றனவே?

ஒரு மில்லியன் 10 லட்சம். ஒரு பில்லியன் 100 கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்.