ஜாடிக்கேற்ற மூடி அமையாதபோது: கேள்வி-பதில்

கேள்வி: கையால் வனைந்த பீங்கான் ஜாடிகள் நான்கு வாங்கினேன். மரமூடி, அதன் அடியில் ஒரு சிலிகான் வளையம். இரண்டில் மூடி கச்சிதமாக உட்காருகிறது. மற்ற இரண்டைச் சாய்த்தாலே மூடி கழன்று விழுகிறது. கேட்டால், "கையால் செய்தது அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: பாதி நியாயம். களிமண் காயும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும். பல வகை மண்ணில் மொத்தச் சுருக்கம் 10 முதல் 13 சதவீதம் வரை போகும். இன்று 100 மில்லிமீட்டர் வாயோடு இருக்கும் ஜாடி, ஈரமாக இருந்தபோது 114 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்திருக்கும். ஒரு பக்கம் காற்றுப்பட்டு முந்திக் காய்ந்தாலே போதும், வட்டம் முட்டையாகிவிடும். ஆகவே அந்தப் பதில் ஜாடிக்குப் பொருந்தும், மூடிக்குப் பொருந்தாது. விவரமான குயவர் மூடியையும் அதே மண்ணில் வனைந்து, ஜாடியின் மேலேயே வைத்துச் சுடுவார். கோணினாலும் இரண்டும் சேர்ந்தே கோணும். உங்களுக்கு விற்றவர்கள் கையால் செய்த ஜாடிக்கு எந்திரத்தில் அறுத்த மூடியை மாட்டியிருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தைத் தாங்கும் வளையத்தைப் போட்டிருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

கேட்கப் போகும் முன் நான்கு மூடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சில நேரம் ஜோடி மாறியதுதான் குற்றமாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் விளிம்பில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும். தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் ஜாடியைக் கவிழ்த்து வையுங்கள். ஜாடி ஒரு பக்கம் சாய்ந்தாலும் ஆடாமல் நின்றால், விளிம்பு சமமாகத்தான் இருக்கிறது, ஜாடிதான் சாய்வு. மூடிக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. கடகடவென்று ஆடினால் விளிம்பில் நெளிவு இருக்கிறது. வாயை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்து இரண்டும் வேறுபட்டால் முட்டை வடிவம். விரல் நகத்தை ஓட்டும்போது ஓரிடத்தில் சிக்கினால் சில்லு பெயர்ந்திருக்கிறது. "விளிம்பு சரியில்லை" என்று நாம் பொதுவாகச் சொல்வது இந்த நான்கு நோய்க்கும் ஒரே பெயர். மருந்து மட்டும் வேறு வேறு.

நெளிவு எவ்வளவு என்று அறிய, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் என்ற கருவி தேவையில்லை. சாதாரண எழுதும் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். கவிழ்த்த ஜாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே எத்தனை தாள் நுழைகிறது என்று எண்ணுங்கள். ஐந்து தாள் வரை என்றால் நல்ல மென்மையான வளையம் சமாளித்துவிடும். பத்தைத் தாண்டினால் சாதாரணத் தட்டை வளையத்தை நம்ப வேண்டாம். இருபது தாள் நுழையும் ஜாடியில் பேனா, பென்சில் போட்டு வைக்கலாம்.

கேள்வி: சிறு பட்டறை வைத்திருக்கிறோம். மூடி தொலைந்த பழைய கண்ணாடி ஜாடிகளுக்கு மூடி செய்து தர ஆசை. ஒரே அளவு என்று சொல்லும் ஜாடிகளில்கூட விளிம்பு ஒன்றுபோல் இல்லை. ரப்பரைத் தடிமனாகப் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: எல்லோரும் முதலில் செய்வது அதுதான். ஓரளவுக்கு உதவும், பிறகு கைவிட்டுவிடும்.

முதலில் கணக்கு. கையால் பூட்டும் மூடியில் தட்டை ரப்பர் வளையத்தை அதன் தடிமனில் கால் பங்கு வரை நசுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மில்லிமீட்டர் வளையம் விளிம்பின் மேட்டில் 1 மில்லிமீட்டர் அமுங்கும். பள்ளத்திலும் அது சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதாது. அங்கேயும் 0.4 மில்லிமீட்டராவது அமுங்கியிருக்க வேண்டும். ஆக மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.6 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அந்த மூடி அடைக்கும். தடிமனைக் கூட்டினால் இந்த எண்ணும் கூடும். ஆனால் தடித்த வளையம் பக்கவாட்டில் வழுகும், மடியும், மூடியும் உயர்ந்து திருகு மரையில் பிடிப்பு குறையும்.

இரண்டாவது, பலரும் கவனிக்காதது. கெட்டி ரப்பரை அழுத்தினால் அதன் கன அளவு குறையாது, பக்கவாட்டில் பிதுங்கத்தான் செய்யும். மூடியில் வளையத்துக்கென்று வெட்டும் பள்ளத்தை வளையம் இம்மி இடமில்லாமல் நிரப்பினால், ரப்பர் போக வழியின்றிக் கல் மாதிரி நிற்கும். நீங்கள் எத்தனை மென்மையான ரப்பர் வாங்கியும் பயனில்லை. பள்ளத்தில் 15 முதல் 25 சதவீதம் வரை இடம் காலியாக இருக்கட்டும். ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள், எண் குறைந்தால் ரப்பர் மென்மை. எந்திரங்களுக்கான ஓ-வளையங்கள் பெரும்பாலும் 70 அளவில் வரும். கைவிரல் அழுத்தத்துக்கு 30 அல்லது 40 கேளுங்கள்.

நானாக இருந்தால் தட்டை வளையத்தையே விட்டுவிட்டு, உதடு மாதிரி மெலிந்து நீளும் வளையத்துக்குப் போவேன். ரப்பரை நசுக்குவதற்கு நிறைய பலம் வேண்டும், வளைப்பதற்குக் கொஞ்சம் போதும். மெல்லிய உதடு விளிம்பின் பள்ளத்தில் குறைவாக வளையும், மேட்டில் அதிகமாக வளையும். இரண்டு இடத்திலும் விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே வெறுமையான குழல் வளையமும் இதே வேலையைச் செய்யும். ஆனால் குழலின் இரு முனைகளையும் ஒட்டும் இடம் கனமாகிவிடும், கசிவு அங்கேயே தொடங்கும். ஒட்டு இல்லாமல் வார்த்த வளையமாகப் பாருங்கள்.

மூன்றாவது, பலம் எங்கே விழுகிறது என்பது. பின்னால் கீல், முன்னால் கொக்கி வைத்த கம்பிப் பூட்டு மூடியில் இரண்டு இடத்தில்தான் இழுப்பு. பக்கவாட்டில் அழுத்தம் போக வேண்டுமென்றால் மூடி வளையாத தடிமனில் இருக்க வேண்டும். அதனால்தான் அந்த வகை மூடிகள் கனமான கண்ணாடியில் வருகின்றன. நான்கு பக்கமும் கிளிப் வைத்த மெல்லிய பிளாஸ்டிக் மூடி, கிளிப்புகளுக்கு இடையில் மெல்ல மேலெழும். கெட்டி மூடியின் நடுவே ஒரே புள்ளியில் அழுத்தும் திருகு வைத்தால், மூடி தானாகச் சாய்ந்து விளிம்பின் சாய்வுக்கு ஏற்ப உட்காரும். சாய்வுக்கு இது அருமையான வழி. நெளிவுக்கு இதனால் லாபமில்லை, அது வளையத்தின் வேலை.

திருகுமூடியாகச் செய்தால் வாயை மூடும் தட்டையும் அதைத் திருகி அழுத்தும் மரை வளையத்தையும் தனித்தனியாக்குங்கள். ஒரே துண்டாக இருக்கும்போது கடைசிச் சுற்றில் ரப்பர் விளிம்போடு உரசி இழுபடும், மேடுள்ள இடத்தில் சுருண்டுவிடும். தனித் தட்டு சுற்றாது, நேராகக் கீழே மட்டும் அமுங்கும்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த தீர்வு பழையது. 1858ல் ஜான் லாண்டிஸ் மேசன் மரை வார்த்த கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் கால ஜாடிகளை ஊதி எடுத்து, மேல் விளிம்பைத் தேய்த்துச் சமமாக்குவார்கள். தேய்த்த இடம் சொரசொரப்பாகவே இருக்கும். அங்கே அடைப்பு நிற்காதென்று ரப்பர் வளையத்தை ஜாடியின் தோளில் போட்டார்கள். துத்தநாக மூடியின் கீழ் ஓரம் வந்து அந்த வளையத்தை அழுத்தும். தோள் அச்சில் வார்த்த பகுதி, வழவழப்பானது. நீங்களும் பழைய ஜாடிகளில் முதலில் தேட வேண்டியது விளிம்பை அல்ல, ஜாடியில் எந்த இடம் ஒழுங்காக இருக்கிறது என்பதை. வெளிப்பக்கமா, உட்கழுத்தா, தோளா என்று பார்த்து அடைப்பை அங்கே கொண்டுபோங்கள். கண்ணாடித் தொழிலில் இன்றும் புட்டியின் வாய்ப்பகுதியை ஃபினிஷ் என்றுதான் சொல்கிறார்கள். ஊதிச் செய்த காலத்தில் வாயைத்தான் கடைசியாக முடிப்பார்களாம், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவசரமாக முடித்த கைகள் சிலவும் இருந்திருக்கும், உங்கள் ஜாடிகளைப் பார்த்தால் தெரிகிறது.

கேள்வி: 70 மில்லிமீட்டர் ஜாடிக்கு 70 மில்லிமீட்டர் மூடிதான் வாங்கினேன். எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகுகிறது.

பதில்: இறுக்குவதை நிறுத்துங்கள். 70 என்பது விட்டம் மட்டுமே. அதற்குப் பின்னால் இன்னொரு எண் உண்டு, 70-400, 70-450 என்று. அந்த இரண்டாவது எண்தான் மரை எப்படிப்பட்டது என்று சொல்லும். மரை மாறினால் ஒரு சுற்றிலேயே இறுகிவிட்ட மாதிரி தோன்றும், ஆனால் உள்வளையம் விளிம்பைத் தொட்டிருக்காது. மூடியின் ஓரம் ஜாடியின் தோளில் முட்டி நின்றாலும் இதே கதைதான். கால் சுற்றில் பூட்டும் காதுவைத்த உலோக மூடிகளைத் தொடர்மரை உள்ள ஜாடியில் போடவே கூடாது.

சோதிக்க, விளிம்பில் சாக்பீஸைத் தடவி, மூடியைப் பூட்டித் திறந்து உள்வளையத்தைப் பாருங்கள். வெள்ளைக் கோடு முழு வட்டமாக விழுந்திருக்க வேண்டும். எங்குமே விழவில்லை என்றால் மூடி தவறு. ஓரிடத்தில் மட்டும் அறுந்திருந்தால் விளிம்பின் பள்ளம் அங்கே இருக்கிறது.

கேள்வி: வளையம் சிலிகானா, ரப்பரா, நுரையா? எதை வாங்க?

பதில்: உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இயற்கை ரப்பர் நன்றாக நீளும், மென்மையாக மீளும். எண்ணெய் பட்டால் ஊதிப் போய்விடும். எண்ணெய்ப் பொருளுக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் நல்லது. சிலிகான் வெந்நீரையும் உறைபெட்டியையும் தாங்கும், ஆண்டுக்கணக்கில் மென்மை மாறாது. அதன் குறை, வாசனையைப் பிடித்துக்கொள்வது. காற்றும் நீராவியும் சிலிகான் வழியே மற்ற ரப்பர்களைவிட எளிதாக ஊடுருவும் என்பதும் உண்மை. ஆனால் விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் அதன் வழியே போவது இதைவிடப் பல மடங்கு, ஆகவே முதலில் அதைக் கவனியுங்கள். நுரை வளையம் நெளிவுக்குச் சட்டென்று இணங்கும். நாள்பட அமுங்கி, அமுங்கியபடியே நின்றுவிடும். ஜாடி காலியாக இருக்கும் நாட்களில் பூட்டைத் தளர்த்தி வைப்பது எல்லா வளையத்துக்கும் ஆயுளைக் கூட்டும். மாற்று வளையம் தனியாகக் கிடைக்காத ஜாடியை நான் வாங்குவதில்லை.

கேள்வி: எந்த ஜாடிக்கும் இழுத்துப் போடும் சிலிகான் மூடி?

பதில்: வெளிப்பக்கம் வழவழப்பான, வட்டமான ஜாடிக்குப் பரவாயில்லை. மரை உள்ள வாய்க்குச் சரிவராது, மரையின் சரிவிலேயே காற்றுக்கு வழி இருக்கிறது.

கேள்வி: பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சும் மூடி, மேடுபள்ளமான விளிம்பையும் அடைத்துவிடும் என்று விளம்பரம் சொல்கிறது.

பதில்: விளம்பரத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 100 மில்லிமீட்டர் வாயுள்ள ஜாடியில் பாதிக் காற்றை எடுத்துவிட்டால், வெளிக்காற்று மூடியை ஏறக்குறைய 40 கிலோ எடை வைத்த மாதிரி அழுத்தும். எந்தக் கொக்கியும் இந்தப் பலத்தைத் தராது, அதுவும் வட்டம் முழுக்கச் சமமாக. சிக்கல் என்னவென்றால், துளி கசிவு இருந்தாலும் காற்று மெல்லத் திரும்பி வரும். காற்று வர வர அழுத்தம் குறையும், அழுத்தம் குறையக் கசிவு கூடும். பம்பு அடித்த உடனே மூடி கெட்டியாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரவு பூட்டி, காலையில் திறந்து பாருங்கள். "உஸ்" என்ற சத்தம் வர வேண்டும்.

தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்ப்பதும் முழுச் சோதனை ஆகாது. தண்ணீர் நுழையாத நுண்ணிய இடைவெளியில் காற்று நுழைந்துவிடும். காலி ஜாடியைப் பூட்டி, அறையின் சூட்டைவிட 20 டிகிரி கூடுதலான வெதுவெதுப்பான நீரில் முழுக்க அமிழ்த்திப் பிடியுங்கள். உள்ளே அழுத்தம் 7 சதவீதம் அளவுக்கு ஏறும், ஓட்டை இருந்தால் அங்கிருந்து குமிழி வரிசை கிளம்பும். கொதிநீர் வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும்.

இன்னொன்று. காற்றுப் புகாத மூடி உணவைப் பாதுகாத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பொட்டுலினம் கிருமி காற்றில்லாத இடத்தில்தான் வளரும். புளிப்பில்லாத ஈரமான பண்டங்களை இறுக மூடி வெளியே வைப்பது ஆபத்து.

கேள்வி: விளிம்பை நாமே தேய்த்துச் சமமாக்கலாமா?

பதில்: சில்லு பெயர்ந்த ஜாடி என்றால் முயலவே வேண்டாம், உடைந்த இடத்திலிருந்து கண்ணாடித் துணுக்கு உள்ளே விழும். நெளிவு மட்டும் என்றால் செய்யலாம். தட்டையான தடித்த கண்ணாடியில் சிலிகான் கார்பைடு பொடியைத் தண்ணீரோடு குழைத்து, ஜாடியைக் கவிழ்த்து எட்டு போட்டபடி தேய்ப்பார்கள். கரடான பொடியில் தொடங்கி மென்பொடியில் முடிக்க வேண்டும். உலர்ந்து தேய்த்தால் தூசி நுரையீரலுக்குப் போகும், எப்போதும் ஈரம் வேண்டும். சூடேற்றி உறுதிப்படுத்திய டெம்பர்டு கண்ணாடியைத் தேய்த்தால் மொத்தமாகச் சிதறலாம். பீங்கானில் மெருகுப் பூச்சு போய்விட்டால் அடியில் உள்ள மண் ஈரத்தை உறிஞ்சலாம்.

கேள்வி: ரப்பரே இல்லாமல் வழி உண்டா?

பதில்: உண்டு. விளிம்பைச் சுற்றி ஒரு வாய்க்கால் வைத்த ஜாடி. வாய்க்காலில் தண்ணீர் ஊற்றி, கவிழ்த்த கிண்ணம் போன்ற மூடியை அதில் அமர்த்துவார்கள். மூடியின் ஓரம் எவ்வளவு நெளிந்திருந்தாலும் தண்ணீர் இடைவெளியை நிரப்பிவிடும். உள்ளே நொதித்து வரும் வாயு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. இறுகப் பூட்டிய ஜாடியில் நொதிக்க வைத்தால் வெடிக்கும் அபாயம் உண்டு, இதில் அது கிடையாது. வாங்கும்போது வாய்க்காலின் ஆழத்தைப் பாருங்கள். மூடியின் ஓரம் நெளிந்து மிக உயரமாக எழுந்து நிற்கும் இடமும் தண்ணீருக்கடியில் போக வேண்டும். தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், சில நாளைக்கு ஒருமுறை ஊற்றி வையுங்கள்.